கூலி வழக்கும் ஊர்க் கிளர்ச்சியும்: இரு தன்வரலாறுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தன்வரலாறு என்னும் இலக்கிய வகை தமிழுக்குப் புதியது. தன்னைப் படர்க்கையில் வைத்துப் பாடுதலும், பதிகத்தின் இறுதியில் தன் பெயரைப் பொறித்தலும் நம் புலவர்க்குப் பழக்கமானவை. தன் வாழ்நாளை நிரல்படக் கூறித் தன் செயலுக்குத் தானே சான்று பகர்தல் பழக்கமானதன்று. இருபதாம் நூற்றாண்டில் அவ்வகை வளரத் தொடங்கியபோது அதனைக் கைக்கொண்ட தமிழறிஞருள் இருவர், தொழிலாளர் போராட்டத்தின் நடுவே நின்றவர். ஒருவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை, மற்றவர் திரு. வி. கலியாணசுந்தரனார். முன்னவர் தம் வரலாற்றை அகவலாக யாத்தார். அது அவர் மறைவுக்குப் பின் 1946-இல் பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியால் நூலாக வெளிவந்தது. பின்னவரின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944-இல் உரைநடையில் வெளிவந்த பெருநூல்.

இருவரும் புலமையிற் குறைந்தவர் அல்லர். வ. உ. சி. திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தவர். திரு. வி. க. வெசுலிக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, 'தேசபக்தன்' இதழுக்காக அப்பணியைத் துறந்தவர். இத்தகையோர் ஆலைத் தொழிலாளரின் கூலி வழக்கை எழுத நேர்ந்தபோது தமிழ் அவர்க்கு எவ்வாறு கைகொடுத்தது, எவ்விடத்துக் கைவிட்டது என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள். வரலாற்றை வகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனைப் பலர் திறம்படச் செய்துள்ளனர். ஆயினும் நூல்களை மதிப்பிட, நிகழ்ச்சிகளின் முறை தெரிந்திருத்தல் வேண்டுமாகலின் அதனை முதற்கண் சுருங்கக் கூறுவாம்.

தூத்துக்குடியில் ஹார்வி குழுமத்தாரின் நிருவாகத்தில் இயங்கிய கோரல் நூற்பாலையின் தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்தம் வேண்டுகோள்களில் முதன்மையானவை. வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அந்நகரில் நாடோறும் சொற்பொழிவாற்றி வந்த காலம் அது. மார்ச்சு முதல் வாரத்தில் ஆலையார் இணங்கினர். தொழிலாளர் வென்று திரும்பினர். கூலி வழக்கு அத்துடன் முடிந்தது என்றே கொள்ளல் வேண்டும். ஆனால் மார்ச்சு 9-ஆம் நாள் விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடும் ஏற்பாட்டை அரசு தடுக்க முயன்றது. தலைவர் தடையைப் பொருட்படுத்தினாரில்லை. மார்ச்சு 12-ஆம் நாள் வ. உ. சி., சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் திருநெல்வேலியிற் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி எழுந்தது. கடைகள் மூடப்பட்டன, நகராட்சி அலுவலகமும், அஞ்சலகமும், காவல் நிலையமும், நீதிமன்றமும் தாக்குண்டன, நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலி கேட்டன்று. தம் தலைவரைக் கேட்டு. திலகருக்குத் தண்டனை விதிக்கப்பட்ட அவ்வாண்டு சூலையில் பம்பாய்த் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதும், அதனை லெனின் எழுத்திற் குறித்தார் என்பதும் யாவரும் அறிந்தவை. தூத்துக்குடி அதற்கு நான்கு திங்கள் முந்தியது என்பதை அறிந்தோர் சிலரே.

இங்கு ஒரு வினா எழுகின்றது. கூலி வழக்கு எவ்வாறு ஊர்க் கிளர்ச்சியாயிற்று? ஆங்கில அரசு இதற்கு விடை வைத்திருந்தது. 'பேசியவன் தூண்டினான், கேட்டவர் கலகம் செய்தனர்' என்பதே அவ்விடை. இராசத் துரோக வழக்கு முழுவதும் இவ்விடையின்மேல் எழுப்பிய கட்டடம். குற்றச்சாட்டிற்கு உரியவை எறிந்த கல்லும் வைத்த தீயும் அல்ல, பேசிய சொற்களே. 1908 சூலை 7-ஆம் நாள் கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே இரு வாழ்நாள் தண்டனைகளை விதித்ததும் அச்சொற்களுக்காகவும், சிவாவுக்குத் துணை நின்றமைக்காகவுமே. உயர்நீதிமன்றம் பின்னர்த் தண்டனையைக் குறைத்தது. காரண காரியம் பற்றிய கொள்கையை மாற்றிற்றில்லை.

இவ்விடையை நம் இலக்கியம் மறுத்ததா, அன்றி அறியாமலே ஏற்றுக்கொண்டதா? தலைவரைப் புகழும் நூல்கள் பலவும், 'அவர் ஒரு சொல் சொன்னார், ஆலை நின்றது, அவரைச் சிறையிலிட்டனர், ஊர் எரிந்தது' என்றே செல்கின்றன. அரசு வழக்கறிஞர் பழியாகக் கூறியதையே இந்நூலார் புகழாகக் கூறுகின்றனர். இரண்டிலும் தொழிலாளி ஏவப்பட்டவனே. ஏவாமல் எழுபவன் அல்லன். வ. உ. சி.யின் பெயரோடு மக்கள் நாவில் நிலைத்த அடைமொழி கப்பலைப் பற்றியது. 1906-இல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் பெருமையை யான் குறைக்க வரவில்லை. எனினும், கப்பல் முழுகிற்று. ஆலைத் தொழிலாளர் பெற்ற கூலி உயர்வு அவ்வாண்டில் கிடைத்த வெற்றி. 1961-இல் வந்த திரைப்படமும் கப்பலின் பெயரையே தாங்கிற்று. கடலும் கொடியும் காட்சிக்கு உகந்தவை. நூற்பாலையின் பஞ்சுத் தூசி அத்துணை உகந்ததன்று போலும்.

முதலிற் பாரதியாரைக் காண்போம். தன்வரலாறு அன்றாயினும், அவர் யாத்த இரு பாடல்களை விடுத்து இப்பொருளைப் பேசுதல் இயலாது. ஒன்று கலெக்டர் விஞ்சு சிதம்பரம் பிள்ளைக்குக் கூறுவது. மற்றொன்று அவர்க்குச் சிதம்பரம் பிள்ளை கூறும் மறுமொழி. இவ்விரண்டையும் வீரச்சுவைக்குச் சான்றாகக் காட்டி மேற்செல்லுதல் வகுப்பறை வழக்கம். யானும் பல்லாண்டு அவ்வாறே செய்தேன். ஓராண்டு, வினைமுற்றுக்களை மட்டும் பிரித்தெழுதிக் காட்டுமாறு முதுகலை மாணவர்க்குப் பயிற்சி கொடுத்தபோதுதான் அவற்றின் அமைப்பு எனக்கே விளங்கிற்று.

விஞ்சின் கூற்றிலே வினைகள் பெரும்பாலும் முன்னிலை ஒருமை இறந்தகால முற்றுக்கள். எழுவாய் 'நீ' ஒன்றே. மக்கள் வருமிடத்தெல்லாம் இரண்டாம் வேற்றுமையிலும் நான்காம் வேற்றுமையிலுமே வருகின்றனர். அவர்களை ஒருவன் ஏதோ செய்கின்றான். அவர்களுக்கு ஒருவன் ஏதோ ஊட்டுகின்றான். அவர்களாக ஒன்றும் செய்வதில்லை. இஃது அரசு வழக்கின் காரணக் கொள்கையே இலக்கண வடிவு பெற்று நிற்றல் அன்றோ? மறுமொழிக்கு வந்தால் நிலை முற்றும் மாறுகின்றது. சிதம்பரம் பிள்ளை 'யான் செய்தேன்' என்றோ, 'யான் செய்யவில்லை' என்றோ கூறவில்லை. 'நீ' என்று சுட்டப்பட்ட ஒருவர், 'நாங்கள்' என்று விடை கூறுகின்றார். இறந்தகாலம் மறைந்து எதிர்மறையும் எதிர்காலமும் ஆட்சி புரிகின்றன. குற்றம் சாட்டியவன் ஒருமையில் வினவ, மறுமொழி பன்மையில் வருகின்றது. ஒருவன் தூண்டினான் என்னும் கொள்கையை இதனினும் சுருங்கிய வழியால் மறுத்தல் அரிது.

இவ்வழகை வியந்த பின்னரும் ஒரு குறையைச் சொல்லாமல் இருத்தல் நேர்மையாகாது. அப்பன்மை நாட்டு மக்கள் முழுவதையும் உளப்படுத்தும் பன்மை. கோடிக்கணக்கானோர் அதனுள் அடங்குவர். கோரல் ஆலையின் வாயிலில் நின்ற ஆயிரவரைத் தனித்துக் காணல் இயலாது. ஆலை, கூலி, விடுமுறை என்பன அப்பாடல்களில் இடம்பெறவில்லை. நாடு என்னும் பெருஞ்சொல் தொழிலாளியைத் தழுவிக் கொண்டது. தழுவும்போதே மறைத்தும் விட்டது. பாட்டு, நிகழ்ச்சியின் உச்சியைப் பற்றுவது. படிகளை எண்ணுவதன்று என்று இதற்கு அமைதி கூறலாம். அது பொருந்தும். ஆனால் படிகளை எண்ண வேண்டியவர் யார்?

அகவல் எண்ணவல்லது. ஆசிரியப்பாவைத் தொல்காப்பியர் அகவலோசைக்கு உரியதாகக் கூறினார். அழைத்துப் பேசுதலும், எடுத்தோதுதலும், நிரல்படக் கணக்குரைத்தலும் அதன் இயல்பு. ஆற்றுப்படையில் வழியும் ஊரும் உணவும் வகைவகையாக வருவதற்கு இப்பாவே இடம் கொடுத்தது. கதை சொல்ல மணிமேகலைக்கு உதவியதும் இதுவே. வ. உ. சி. வெண்பாவிலும் வல்லவர்; தன் வரலாற்றுக்கு அகவலைத் தேர்ந்தமை தற்செயல் ஆகாது. வழக்கறிஞராகிய அவர்க்கு நாள், இடம், சொன்னவர், சொல்லியது என்னும் வரிசையே சான்றின் உயிர். ஆங்கில அதிகாரிகளின் பெயர்களும், அலுவலகச் சொற்களும், சிறையின் அன்றாடப் பொருள்களும் அவர் அகவலிற் சீராகி அமர்கின்றன. சிலவிடங்களில் ஓசை முடமாகின்றது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. புலவர் சிலர் இதனைக் குறையாகக் கூறுவர். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. செக்கிழுத்த கதையைச் சொல்லும் பாட்டு முழுதும் இனிதாக ஓடினால்தான் ஐயுற வேண்டும்.

ஆயினும் அந்நூலின் அமைப்பில் ஒரு திருப்பம் உள்ளது; திறனாய்வாளர் கருத்தூன்ற வேண்டிய இடம் அதுவே. வேலைநிறுத்தம் நூலாசிரியர் கண்டது, பங்கு கொண்டது. கைதும் சிறையும் அவர் மெய்யுற்றது. இடையிலுள்ள மார்ச்சு 13 மட்டும் அவர் காணாதது. ஊர் எரிந்த நாளில் அவர் சிறையினுள் இருந்தார். 'யான்' என்று தொடங்கி 'யான்' என்றே செல்லும் தன்வரலாற்றில், நூலின் பெருநிகழ்ச்சி அந்த 'யான்' இல்லாதவிடத்து நிகழ்கின்றது! விஞ்சோடு நேர்நின்று பேசிய உரையாடலும், பின்வரும் சிறைத் துன்பங்களும் விரிவு பெறுகின்றன; சிறைக்குள் இருந்தவன் காணாத அத்தெருக்கள் அவ்விரிவைப் பெறவில்லை. தன்வரலாறு என்னும் வகைக்கே உரிய எல்லை இது. ஆசிரியர் எல்லையை மீறிக் கற்பனை செய்யாமை அவரது வாய்மைக்குச் சான்று. ஆயின் அதன் விளைவு என்னை? நான்கு உயிர்கள் போன தெரு நம் இலக்கியத்தில் இருளாகவே நின்றுவிட்டது.

இவ்விருளை நிரப்புவதற்குப் பின்வந்தோர் சிலப்பதிகாரத்தை நாடுவது உண்டு. மேடைகளில் இவ்வுவமையைப் பன்முறை கேட்டிருக்கிறேன். வழக்கு தோற்ற சினத்தால் மதுரை எரிந்தது. தலைவர் சிறைப்பட்ட சினத்தால் நெல்லை எரிந்தது என்பர். உவமை மேலோட்டமாகப் பொருந்துவது போலிருப்பினும் ஆழ்ந்து நோக்கின் பொருந்தாது. ஆங்கே தீக்கு ஆணையிட்டவள் ஒருத்தி. யார் யாரை விடுத்து யார் யாரைப் பற்றவேண்டும் என்று அவளே வகுத்துரைத்தாள். இங்கே ஆணையிட்டார் எவருமிலர். ஆணையிட்டிருக்கக் கூடியவர் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தனர். எனினும் கூட்டம் கண்மூடித் தாக்கவில்லை. நகராட்சி, அஞ்சலகம், காவல் நிலையம், நீதிமன்றம் என்று அது தேர்ந்த இலக்குகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். அரசு தன்னை மக்கட்குக் காட்டும் முகங்கள் அவை. கண்ணகியின் ஆணை இங்குக் கூட்டத்தின் அறிவினுள்ளேயே இருந்தது. ஆகவே சிலப்பதிகார உவமையைக் கையாள்வோர் மீண்டும் ஒரு தனித்தலைமையைத் தேடும் பழைய தடத்திலேயே விழுகின்றனர்.

வழக்கு கிளர்ச்சியானமைக்குத் தமிழ் வாழ்விலேயே ஒரு வாயில் இருந்தது என்பது என் கருத்து. தூத்துக்குடி வேலைநிறுத்தத்தின்போது ஆலையாரின் பக்கம் சாய்ந்தோர்க்கு நாவிதரும் வண்ணாரும் தொழில் செய்ய மறுத்தனர் என்பதும், வெள்ளையர்க்குப் பண்டம் விற்க வணிகர் தயங்கினர் என்பதும் அந்நாளைச் செய்திகள். இவை எவ்வாறு நிகழ்ந்தன? ஐரோப்பியத் தொழிற்சங்க நூல்களைக் கற்று எவரும் இதனைச் செய்யவில்லை. ஊர்க்கட்டுப்பாடு, ஊர்விலக்கு என்பன சிற்றூர் வாழ்வின் பழைய கருவிகள். ஊர் ஒருவனை விலக்கினால் அவனுக்கு நெருப்பும் நீரும் கிடையா. நாவிதனும் வண்ணானும் அவன் வாயிலை மிதியார். பெரும்பாலும் சாதியொழுங்கைக் காக்கவே பயன்பட்ட இக்கொடுங்கருவி, 1908-இல் முதன்முறையாக ஆலை முதலாளிமேலும் அவனைத் தாங்கிய அரசின்மேலும் திரும்பிற்று. ஆலையின் மதிலுக்குள் நிகழ்ந்த வழக்கு ஊர்முழுதும் பரவிய வழி இதுவே. சொற்பொழிவு அவ்வழியைத் திறந்திருக்கலாம், வழியைப் படைக்கவில்லை.

இக்கருத்தைக் கூறும்போது ஆ. சிவசுப்பிரமணியன் முதலியோர் கோரல் ஆலை வேலைநிறுத்தத்தைத் தனிப்பொருளாக எடுத்து ஆராய்ந்தமையையும், ஆ. இரா. வேங்கடாசலபதி 1908 நிகழ்ச்சிகளை விரிவாக ஆய்ந்தமையையும் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். பின்னவர் நூலுக்கு 2024-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்நூலின் பெயர் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்பது. எழுச்சி முன்னும் தலைவர் பின்னும் நிற்கும் அவ்வைப்புமுறை, மேலே கூறிய பழைய பழக்கத்திற்கு ஒரு மறுப்பாகவே எனக்குத் தோன்றுகின்றது.

சொற்களையும் இங்குச் சிறிது நோக்குவோம். அரசு ஆவணம் கூறியது 'கலகம்'. அச்சொல்லுக்குத் தமிழ் வழக்கில் இருவர் இடையே மூட்டிவிடும் பூசல் என்னும் சாயலும் உண்டு. நாரதர் கலகம் என்று நாம் சொல்வதை நினைக்க. மூட்டுவோன் ஒருவன் இன்றிக் கலகம் இல்லை என்பது அச்சொல்லினுள்ளேயே ஒளிந்திருக்கும் கருத்து. 'கிளர்ச்சி', 'எழுச்சி' என்பன தன்வினை அடியாகப் பிறந்தவை. கிளர்வோர் தாமே கிளர்கின்றனர். எழுவோர் தாமே எழுகின்றனர். இனி, 'வேலைநிறுத்தம்' என்பதோ பிறவினை. நில் என்பது தன்வினை. நிறுத்து என்பது பிறவினை. வேலை தானாக நிற்கவில்லை. வேலையாள் அதனை நிறுத்துகின்றான். முதலாளி செய்வது 'கதவடைப்பு'. இவ்விரண்டு சொற்களிலும் வினைமுதல் யாரென்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றது. ஆங்கிலத்தில் அடித்தல் என்னும் பொருளுடைய சொல்லே இதற்கு வழங்குகின்றது. அதனினும் நம் சொல் தெளிவுடையது என்று கூறுதல் தற்பெருமை ஆகாது என நம்புகிறேன்.

இச்சொற்கள் உரைநடையில் உறுதிபெற்றமைக்குத் திரு. வி. க. போன்றோர் ஆற்றிய தொண்டு பெரிது. 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய இதழ்களின் வழியே அரசியலையும் தொழிலியக்கத்தையும் நல்ல தமிழில் எழுதமுடியும் என்று காட்டியவர் அவர். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு, பி. பி. வாடியா ஆகியோருடன் அவரும் நின்றார். அச்சங்கத்தின் கதை 'வாழ்க்கைக் குறிப்புக'ளில் விரிவாக வருகின்றது. நூலின் பெயரே அடக்கமானது. வரலாறு என்னாது குறிப்புகள் என்றார். சிறு தலைப்புகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரையோ ஒரு நிகழ்ச்சியையோ நிறுத்திச் செல்லும் நடை அது. சிறு வாக்கியங்கள் அடுக்கடுக்காக வருவதால் ஓசை மேடைப் பேச்சினை ஒத்தொலிக்கும்.

வாடியா முதலியோர்மீது பின்னி கம்பெனியார் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்ததும், தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டலாகாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் 1920-இல் நிகழ்ந்தவை. ஈண்டும் அதே 'தூண்டுதல்' கொள்கையைக் காண்க. 1908-இல் குற்றவியல் சட்டம் கூறியதை 1920-இல் உரிமையியல் சட்டம் கூறிற்று. தூண்டியவன் ஒருவன் இருந்தாலன்றித் தொழிலாளி அசையான் என்பதில் ஆங்கில நீதிக்கு அசையாத நம்பிக்கை! அவ்வழக்கின் எதிரொலியாகவே தொழிற்சங்கங்கட்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் குரல் எழுந்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

1921-ஆம் ஆண்டின் கதை வேறு. கர்நாடிக் ஆலையில் மே மாதத்தில் தொடங்கிய தகராறு, சூன் மாதத்திற் பக்கிங்காம் ஆலைக்கும் பரவி, அக்டோபர் வரை நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளருட் பெரும்பாலார் வேலைநிறுத்தத்தில் நிலைக்காமல் ஆலைக்குத் திரும்பினர். எம். சி. ராஜா அவர்கள் வேலைக்குச் செல்லுமாறே அறிவுறுத்தினார். ஏனைய இந்துத் தொழிலாளரும் முசுலிம் தொழிலாளரும் வெளியில் நின்றனர். கூலி வழக்கு தெருவுக்கு வந்தது. ஆனால் அரசின் அலுவலகங்களை நோக்கிச் செல்லவில்லை. புளியந்தோப்புச் சேரியை நோக்கிச் சென்றது. குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு இறுதியில் காவலர் சுட்டதில் சிலர் மாண்டனர். திரு. வி. க.வை ஆளுநர் வில்லிங்டன் அழைத்து, நாடு கடத்த நேரும் என்று எச்சரித்த செய்தியும் இக்காலத்ததே.

1908-ஐ ஆராய்வோர் பலர் 1921-ஐத் தொடுவதில்லை. தொட்டாலும், 'ஆட்சியாளர் பிரித்தாண்டனர்' என்று ஒரு தொடரால் கடந்துவிடுகின்றனர். பிரித்தனர் என்பது மெய். பிரிவு முன்னரே இல்லாதிருந்தால் பிரித்தல் இயலுமா? தூத்துக்குடியில் முதலாளிமேல் திரும்பிய ஊர்க்கட்டுப்பாடு என்னும் கருவி, சென்னையில் தன் பழைய இலக்கை நோக்கியே திரும்பிவிட்டது. கட்டுப்பாட்டை மீறியவன் சேரியான் என்று ஆனவுடன், வேலைநிறுத்தத்தின் ஒழுங்கும் சாதியின் ஒழுங்கும் ஒன்றோடொன்று கலந்து போயின. மாதக்கணக்கில் கூலியின்றி இருத்தல் நிலபுலம் உடையானுக்கும், ஊரில் உறவின் துணை உடையானுக்கும் ஒருவகை. அவ்விரண்டும் இல்லாதானுக்கு வேறுவகை. இவ்வேறுபாட்டைக் காணாது, 'ஒற்றுமையைக் குலைத்தனர்' என்று பழி கூறுதல் எளிது.

திரு. வி. க. பழி தூற்றும் இயல்பினர் அல்லர். பிளவு அவர் நெஞ்சை வருத்தியது. சமரசத்தையே வாழ்நாள் கொள்கையாகக் கொண்டவர்க்கு அது வருத்தாமல் இராது. அவர் உரைநடையின் சிறப்பே இங்கு அவர்க்கு இடராக நிற்கின்றது என்பேன். அந்நடை உளங்கலந்து பேசும் நடை; எதிர்நிற்பவரையும் அன்பால் அணைத்துக்கொள்ளும் நடை. அணைக்கும் நடைக்கு எதிர்வழக்கை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்தல் அரிது. பூர்வபட்சத்தைத் தன் கூற்றினும் வலிமையாக நிறுவிய பின்னரே மறுக்கப் புகுதல் நம் தருக்க நூலார் மரபு. சங்கத்தின் உள்ளிருந்து எழுதப்பட்ட நூலில், ஆலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளியின் நெஞ்சம் அத்தகைய பூர்வபட்சமாக நிறுவப்படவில்லை.

இதனாற் 'குறிப்புகள்' தாழ்ந்தது, 'சுயசரிதை' உயர்ந்தது என்று கொள்ளற்க. மாறாக, முன்னதன் பணியே கடினமானது என்று கருதுகிறேன். வெற்றியையும் தியாகத்தையும் சொல்ல நம் மொழியில் ஈராயிரம் ஆண்டுப் பயிற்சி உண்டு. புறத்திணை முழுதும் அதற்கே. தன்னைச் சேர்ந்தார் தன்னைச் சேர்ந்தார்மேல் தீ வைத்ததைச் சொல்ல நமக்குத் துறை இல்லை. சோழர் குலத்து இருவர் தம்முட் பொருதபோது கோவூர் கிழார் இடைநின்று கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. அஃது அரசர்க்கு. இரு தரப்பும் வறியராக இருக்கும் பூசலுக்கு இடைநின்று கூறும் பாட்டை எவரும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. திரு. வி. க. துறையில்லாத இடத்தில் இறங்கி நின்று எழுதினார், தடுமாறினாரேனும் எழுதினார். 1921-ஐ மறைத்துவிட்டுத் தொழிலியக்கத்தின் புகழை மட்டும் பாடியிருக்க அவரால் முடியும்.

பிற்காலப் புனைகதைகளிலும் இவ்வேறுபாடு தொடர்கின்றது. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இல் நெல்லைச் சீமை நெசவாளரின் பசியைப் பேசிற்று. அங்கே தொழிலாளி ஏவப்பட்டவன் என்னும் நிலையிலிருந்து பெரிதும் விலகியிருக்கின்றான். நெல்லையின் மண்ணே அந்நாவலுக்கும் களமாக அமைந்தது கருதத்தக்கது. புளியந்தோப்போ, 1908-இன் தெருக்கள் பெற்ற புகழில் ஒரு பங்கும் பெறவில்லை.

முதுகலை வகுப்பில் இவ்விரு தன்வரலாறுகளையும் தனித்தனித் தாள்களில் வைத்துப் பாடம் சொல்லுதல் எங்கள் வழக்கம். செய்யுளுக்கு ஒன்று; உரைநடைக்கு ஒன்று. யாப்பு வேறுபாட்டால் நூல்களைப் பிரித்து, பொருளொற்றுமையை மாணவர் காணாதபடி செய்து வந்தோம். வரும் ஆண்டு முதல் இரண்டையும் ஒரே தாளில் வைக்க எண்ணியுள்ளேன். அவற்றோடு எம். சி. ராஜாவின் பேச்சுகளிற் சிலவற்றையும் தமிழாக்கிச் சேர்க்க வேண்டும். அவர் ஆங்கிலத்திற் பேசினார் என்ற ஒரே காரணத்தால் தமிழ்த்துறையின் வாயிலுக்கு வெளியே அவரை நிறுத்தி வைத்திருத்தல் முறையாகத் தோன்றவில்லை. மொழிபெயர்ப்புப் பணி தொடங்கிவிட்டது. 'ஸ்டிரைக்' என்னும் சொல்லை அவர் வாயில் வைக்கும்போது 'வேலைநிறுத்தம்' என்றே பெயர்ப்பதா என்பதில் மட்டும் மாணவரிடையே கருத்து வேறுபாடு நிகழ்கின்றது. நிறுத்தியவர் வேறு, நிறுத்தப்பட்டவர் வேறு என்பது ஒரு சாராரின் வாதம்.